வரி விகிதம் மாறினால் எத்தனை கோப்பு மாறும்? நிரலின் பராமரிப்புத்திறனை அளந்து உயர்த்தும் முழு வழிகாட்டி

மலேசியாவில் கடை பில் மென்பொருளோ சம்பள மென்பொருளோ எழுதுபவர்களுக்குச் சட்டம் அடிக்கடி தேர்வு வைக்கிறது. 1 ஏப்ரல் 2015-ல் ஜிஎஸ்டி எனும் பொருள் சேவை வரி 6 விழுக்காட்டில் வந்தது. 1 ஜூன் 2018-ல் அது பூஜ்யமானது. அதே ஆண்டு செப்டம்பர் 1-ல் எஸ்எஸ்டி எனும் பழைய விற்பனை, சேவை வரி திரும்பியது. 1 மார்ச் 2024-ல் சேவை வரி 8 விழுக்காடாக உயர்ந்தபோது உணவு பானம், தொலைத்தொடர்பு, வாகன நிறுத்துமிடம், லாஜிஸ்டிக்ஸ் ஆகியவற்றுக்கு 6 விழுக்காடுதான். சம்பளப் பக்கம் பார்த்தால், இபிஎஃப் எனும் ஊழியர் சேமநிதிக்கு ஊழியர் கட்டும் பங்கு 2020 ஏப்ரலில் 11-லிருந்து 7-க்கு இறங்கி, 2021-ல் 9-க்கு ஏறி, 2022 ஜூலையில் 11-க்கே வந்து சேர்ந்தது.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் மாடியில் நாலு பேர் நடத்தும் நிறுவனத்துக்கும் பினாங்கின் பாயான் லெப்பாஸில் நாற்பது பேர் உட்காரும் குழுவுக்கும் வந்தது ஒரே அறிவிப்புதான். ஓரிடத்தில் அது அரை நாள் வேலை, இன்னோரிடத்தில் ஒரு மாதத் தலைவலி. அந்த வேறுபாட்டைத்தான் பராமரிப்புத்திறன் என்கிறோம். ஐஎஸ்ஓ 25010 தரநிலை இதை ஐந்தாகப் பிரிக்கிறது: பகுதி பகுதியாக அமைந்திருத்தல், மறுபடி பயன்படுத்த முடிதல், எங்கே என்ன என்று கண்டுபிடிக்க முடிதல், மாற்ற முடிதல், சோதிக்க முடிதல். அன்றாட வேலையில் இவை ஐந்தும் ஒரே கேள்வியில் வந்து சேரும்: அடுத்த மாற்றம் வரும்போது எத்தனை இடத்தில் கை வைக்க வேண்டியிருக்கும், வைத்த பிறகு வேறெங்காவது உடையுமா? கீழே வரும் அளவுகள் எல்லாமே இந்தக் கேள்விக்குப் பதில் தேடத்தான்.

முதல் அளவு: நடந்து முடிந்த மாற்றம்

கருவி எதையும் நிறுவுவதற்கு முன்னால் நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட் வரலாற்றைத் திறந்து பாருங்கள். 2024 பிப்ரவரி தொடக்கத்திலிருந்து மார்ச் இறுதிவரை உள்ள கமிட்டுகளில் (சேமித்த மாற்றப் பதிவுகளில்) சேவை வரி மாற்றத்துக்கானவற்றைப் பிரித்தெடுங்கள். உங்கள் மென்பொருளில் வரி இல்லையென்றால் இதுபோல் வெளியிலிருந்து வந்த வேறொரு மாற்றத்தை எடுக்கலாம். மின் விலைப்பட்டியலுக்கான அரசின் மைஇன்வோய்ஸ் அமைப்போடு இணைப்பது நல்ல தேர்வு. எடுத்தபின் மூன்று எண்களைக் குறியுங்கள்: எத்தனை கோப்புகள் மாறின, முதல் கமிட்டுக்கும் கடைசிக் கமிட்டுக்கும் எத்தனை நாள் இடைவெளி, வெளியிட்ட பிறகு 30 நாளுக்குள் அதே விஷயத்துக்காக எத்தனை திருத்தக் கமிட்டுகள் விழுந்தன.

இந்த மூன்றில் கடைசி எண்ணைத்தான் அதிகம் நம்பலாம். விகிதம் மாறுவது சின்ன மாற்றம். அதற்கு ஒரு அட்டவணை, ஒரு டெஸ்ட் கோப்பு, ஒருவேளை ரசீது வார்ப்புரு ஒன்று, அவ்வளவுதான் மாற வேண்டும். பத்துப் பதினைந்து கோப்பு மாறி, வெளியிட்ட பிறகும் நாலு திருத்தம் வந்திருந்தால், வரி பற்றிய அறிவு நிரல் முழுக்கச் சிதறிக் கிடக்கிறது.

எங்கே சிதறியிருக்கிறது என்று தேடும்போது 0.06 என்று மட்டும் தேடி நிறுத்திவிடாதீர்கள். வரி சேர்த்த விலையைக் கணக்கிடும் இடத்தில் 1.06 இருக்கும். வரி உள்ளடங்கிய விலையிலிருந்து வரியைப் பிரிக்கும் இடத்தில் 6-ஐ 106-ஆல் வகுத்திருப்பார்கள். அது 8-ஐ 108-ஆல் வகுப்பதாக மாறியிருக்க வேண்டும். இந்தக் கடைசி வகைதான் பெரும்பாலும் தப்பிப் போகிறது. தரவுத்தளத்துக்குள்ளேயே சேமித்து வைத்த நிரலான ஸ்டோர்ட் புரொசீஜர், கணக்காளர் பயன்படுத்தும் எக்செல் வார்ப்புரு, திரையில் முன்கூட்டியே தொகை காட்டும் ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவற்றையும் சேர்த்துப் பாருங்கள். இவை பலசமயம் கிட்டுக்குள்ளேயே இருக்காது. அப்படியென்றால் முதலில் செய்ய வேண்டியது அவற்றை உள்ளே கொண்டுவருவதுதான்.

இரண்டாவது: எது அடிக்கடி மாறுகிறது

ஐந்தாண்டாக யாரும் தொடாத கோப்பு எவ்வளவு சிக்கலாக இருந்தாலும் அதனால் இன்று செலவு இல்லை. வாராவாரம் மாறும் கோப்பில் இருக்கும் சிறு சிக்கலுக்கு வாராவாரம் பணம் போகிறது. எனவே மாற்ற எண்ணிக்கை இல்லாமல் சிக்கல் அளவை மட்டும் பார்ப்பதில் பயன் குறைவு.

கணக்கெடுப்பது எளிது. கிட் லாக் கட்டளையை கடந்த 12 மாதத்துக்கு, நேம்-ஒன்லி தெரிவுடன், ஃபார்மட்டை வெறுமையாக விட்டு ஓட்டினால் மாறிய கோப்புகளின் பெயர்கள் மட்டும் வரும். வெற்று லைன்களை நீக்கி, சார்ட் செய்து, யுனிக் கட்டளையால் எண்ணி, இறங்குவரிசையில் அடுக்கினால் பட்டியல் தயார். அதிலிருந்து பயன்படுத்தும் நூலகங்களின் பதிப்பைப் பூட்டி வைக்கும் லாக் (lock) கோப்புகள், தானாக உருவாகும் கோப்புகள், மொழிபெயர்ப்புச் சொற்கோப்புகள் ஆகியவற்றை எடுத்துவிடுங்கள்.

இரண்டு இடத்தில் இந்த எண் ஏமாற்றும். கோப்பின் பெயர் மாறினால் அதன் வரலாறு இரண்டாக உடைந்து தெரியும். முழு நிரலையும் ஒரே நாளில் ஃபார்மட் செய்த கமிட் இருந்தால் எல்லாக் கோப்புக்கும் ஒன்று கூடும். அப்படிப்பட்ட கமிட்டுகளின் அடையாள எண்களைத் தனிக் கோப்பில் வைத்து, ஒவ்வொரு லைனையும் கடைசியாக மாற்றியது யார் என்று காட்டும் பிளேம் கட்டளை அவற்றைப் புறக்கணிக்கும்படி அமைக்கலாம், கிட் 2.23 பதிப்பிலிருந்து இந்த வசதி இருக்கிறது. லாக் எண்ணிக்கைக்கு அது பொருந்தாது, அங்கே நீங்களே கழிக்க வேண்டும்.

மூன்றாவது: சிக்கலின் அளவு

தாமஸ் மெக்கேப் 1976-ல் முன்வைத்த சைக்ளோமேட்டிக் சிக்கல் இன்னும் பயன்படுகிறது. காகிதத்திலேயே எண்ணலாம்: ஃபங்ஷனுக்குள் இருக்கும் ஒவ்வொரு இஃப், லூப், கேஸ், கேட்ச் ஆகியவற்றுக்கும் ஒன்று, நிபந்தனைக்குள் வரும் ஒவ்வொரு 'மற்றும்', 'அல்லது' குறிக்கும் ஒன்று, முடிவில் ஒன்றைக் கூட்டுங்கள். 10-க்குள் வைத்திருக்க வேண்டும் என்பது மெக்கேப் சொன்ன எல்லை. பல மொழிகளுக்கும் சேர்த்து லிசார்ட் என்ற கருவி இருக்கிறது. அது தன்னியல்பாக 15-க்கு மேல் எச்சரிக்கும். பைத்தானுக்கு ரேடன் இருக்கிறது: 1 முதல் 5 வரை ஏ, 6 முதல் 10 வரை பி, 11 முதல் 20 வரை சி என்று தரம் பிரித்து, 41-லிருந்து எஃப் போடும்.

இந்த அளவு ஒரு ஃபங்ஷனுக்குள் ஒன்றையொன்று சாராத பாதைகள் எத்தனை என்று சொல்கிறது, அதாவது முழுமையாகச் சோதிக்க ஏறக்குறைய எத்தனை டெஸ்ட் வேண்டும் என்பதையும் சொல்கிறது. படிக்க எவ்வளவு கடினம் என்பதை அது சரியாகச் சொல்லாது. மாதத்தின் பெயரைத் திருப்பித் தரும் 12 கேஸ் உள்ள ஸ்விட்ச்சுக்கு மதிப்பு 13. அதை ஒரு குழந்தையும் படிக்கும். ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு இஃப் இருந்தால் மதிப்பு 5 மட்டுமே. ஆனால் நான்காவது இஃப்பைப் படிக்கும்போது முந்தைய மூன்றும் தலையில் இருக்க வேண்டும்.

சோனார்சோர்ஸ் நிறுவனம் கொண்டுவந்த காக்னிடிவ் சிக்கல் இந்தக் குறையைத் தீர்க்கிறது. ஒவ்வொரு கிளைக்கும் ஒன்று, அது எத்தனை அடுக்கு உள்ளே இருக்கிறதோ அவ்வளவு கூடுதல். ஸ்விட்ச் முழுவதும் ஒரே கிளையாக எண்ணப்படுவதால் மேலே சொன்ன ஸ்விட்ச்சுக்கு 1. நான்கு அடுக்கு இஃப்புக்கு 1, 2, 3, 4 என்று கூட்டி 10. அந்நிறுவனத்தின் சோனார்கியூப் கருவியில் ஒரு ஃபங்ஷனுக்குப் பொதுவான எல்லை 15. இரண்டில் ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் காக்னிடிவ் அளவையே பாருங்கள்.

பராமரிப்புக் குறியீட்டெண்ணை ஏன் தனியாக நம்பக்கூடாது

பால் ஓமனும் ஜாக் ஹேகமைஸ்டரும் 1992-ல் முன்வைத்த குறியீட்டெண் ஒரே எண்ணில் எல்லாவற்றையும் சொல்வதால் மேலாளர்களுக்குப் பிடிக்கும். 171-லிருந்து மூன்றைக் கழிக்க வேண்டும்: ஹால்ஸ்டெட் கொள்ளளவின் (நிரலிலுள்ள குறிகள், பெயர்களின் எண்ணிக்கையிலிருந்து வரும் அளவு) இயல்மடக்கையின் 5.2 மடங்கு, சைக்ளோமேட்டிக் சிக்கலின் 0.23 மடங்கு, லைன் எண்ணிக்கையின் இயல்மடக்கையின் 16.2 மடங்கு. விஷுவல் ஸ்டூடியோ இதை 100-க்குச் சுருக்கி, 20-ம் அதற்கு மேலும் பச்சை, 10 முதல் 19 மஞ்சள், அதற்குக் கீழ் சிவப்பு என்று காட்டுகிறது.

ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று புரியும். 50 லைன், கொள்ளளவு 1,000, சிக்கல் 10 உள்ள ஃபங்ஷனை எடுங்கள். 171-லிருந்து 35.9, 2.3, 63.4 கழித்தால் 69.4, நூற்றுக்குச் சுருக்கினால் 40.6. மற்றவற்றை அப்படியே வைத்துச் சிக்கலை மட்டும் 30 ஆக்குங்கள்: 37.9. சிக்கல் மும்மடங்காகியும் மூன்று புள்ளிகூடக் குறையவில்லை, பச்சை பச்சையாகவே நிற்கிறது. இந்த எண்ணைப் பெரும்பாலும் ஆட்டுவது நீளம்தான். ஒரே கோப்பின் எண் மாதாமாதம் எப்படி நகர்கிறது என்று பார்க்க இது உதவும். அறிக்கையில் "சராசரி 62, நன்றாக இருக்கிறது" என்று எழுத உதவாது. ஒரு மதிப்பை எடுத்துத் தருவது மட்டுமே வேலையான ஆயிரம் சின்ன கெட்டர் ஃபங்ஷன்கள் சேர்ந்து ஒரு கொடூரமான சம்பளக் கணக்கை மறைத்துவிடும்.

எனவே சராசரி வேண்டாம். ஒரு அட்டவணையில் கோப்பின் பெயர், 12 மாத மாற்ற எண்ணிக்கை, அதிலுள்ள மிகச் சிக்கலான ஃபங்ஷனின் காக்னிடிவ் மதிப்பு மூன்றையும் போடுங்கள். பின்னிரண்டையும் பெருக்கி அடுக்கினால், மேலே வரும் ஐந்து கோப்புகளே உங்கள் வேலைப் பட்டியல். மற்றவற்றை விட்டுவிடுங்கள்.

இரட்டிப்பு: கருவி காணாதவை

ஜேஎஸ்சிபிடி, பிஎம்டி-யின் சிபிடி போன்ற கருவிகள் நகலெடுத்து ஒட்டிய பகுதிகளைக் கண்டுபிடிக்கும். ஜேஎஸ்சிபிடி-யின் இயல்பு எல்லை 50 டோக்கன் (நிரலின் ஒவ்வொரு சொல்லும் குறியும் ஒரு டோக்கன்). அதைவிடச் சிறிய நகல்கள் தப்பிவிடும், உண்மையில் அவைதான் அதிகம் கடிக்கும்.

5 சென் ரவுண்டிங் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1 ஏப்ரல் 2008 முதல் மொத்தத் தொகையை அருகிலுள்ள 5 சென்னுக்குச் சரிசெய்கிறோம்: 10.02 என்றால் 10.00, 10.03 என்றால் 10.05, 10.07 என்றால் 10.05, 10.08 என்றால் 10.10. இதை எழுத இரண்டே லைன் போதும். அதனால் ஆளுக்கு ஆள் புதிதாக எழுதிவிடுகிறார்கள். கவுன்ட்டர் திரையில் ஒன்று, ரசீதில் ஒன்று, நாள் இறுதி அறிக்கையில் ஒன்று. ஒன்று மொத்தத்துக்குச் செய்யும், இன்னொன்று பொருள் வாரியாகச் செய்து கூட்டும், மூன்றாவது ஃப்ளோட் எண்ணில் செய்து எப்போதாவது ஐந்து சென் தவறும். கல்லாவை மூடும்போது கணக்கு இடிப்பது இதனால்தான். தீர்வு: தொகை முழுவதையும் சென்னில் முழு எண்ணாக வைத்திருங்கள், ரவுண்டிங்கை ஒரே ஃபங்ஷனுக்குள் அடைத்துவிடுங்கள், மேலே சொன்ன நான்கு மதிப்புகளையும் அதன் டெஸ்ட்டாக எழுதுங்கள்.

பெயரும் அப்படித்தான். ஏ/எல் (இன்னாரின் மகன்), ஏ/பி (இன்னாரின் மகள்) சேர்ந்த பெயரை அப்படியே சம்பளச் சீட்டின் கோப்புப் பெயராகப் போட்டால், நடுவிலுள்ள சாய்கோட்டை இயங்குதளம் ஃபோல்டர் பிரிப்பாக எடுத்துக்கொண்டு தடுமாறும். ஒருவர் பிடிஎஃப் உருவாக்கும் இடத்தில் சரிசெய்வார். மின்னஞ்சல் இணைப்பில் அதே பிழை அடுத்த மாதம் எழும்பும். இப்படிப்பட்டவற்றைத் துறைச் சொல்லைப் பிடித்துத்தான் தேட வேண்டும்: ரவுண்டிங், பெயர், மைகாட் (அடையாள அட்டை) எண், தேதி.

கூடவே எந்தக் கோப்புகள் ஒன்றாக மாறுகின்றன என்றும் பாருங்கள். வரிக் கணக்குக் கோப்பு மாறிய கமிட்டுகளில் பாதிக்கு மேல் ரசீது வார்ப்புருவும் மாறியிருந்தால், நிரல் கோப்பின் இறக்குமதிப் (import) பட்டியலில் தெரியாத ஒட்டு ஒன்று அவற்றுக்கிடையே இருக்கிறது. தொழிற்சாலைக் கருவிகளுக்கு சி மொழியில் ஃபர்ம்வேர் (கருவிக்குள் பதிந்திருக்கும் நிரல்) எழுதுபவர்களுக்கு இந்த ஒட்டு பெரும்பாலும் குளோபல் மாறிகள் நிறைந்த ஒரு ஹெடர் கோப்பாக இருக்கும்.

கை வைப்பதற்கு முன்: இன்றைய நடத்தையைப் பூட்டுங்கள்

மேம்படுத்தப் போய்க் கெடுத்த கதைகள் எல்லாவற்றுக்கும் காரணம் இந்தப் படியைத் தாண்டிப் போவது. டெஸ்ட் இல்லாத நிரலுக்கு, அது என்ன செய்ய வேண்டும் என்று அல்ல, இன்று என்ன செய்கிறது என்பதைப் பதிவு செய்யும் டெஸ்ட்டுகள் முதலில் வேண்டும்.

சம்பள மென்பொருள் என்றால், கடந்த மூன்று மாதச் சம்பள ஓட்டத்தின் உள்ளீட்டையும் வெளியீட்டையும் எடுங்கள். பெயர், மைகாட் எண், வங்கிக் கணக்கு எண் மூன்றையும் மாற்றிவிட்டு, மீதியைக் கோப்பாகச் சேமியுங்கள். நிரலை ஓட்டி வெளியீட்டைச் சென் சென்னாக ஒப்பிடும் டெஸ்ட் ஒன்று எழுதுங்கள். அதற்கு நிரல் கணினியின் கடிகாரத்தை நேரடியாகப் பார்க்கக்கூடாது. தேதி வெளியிலிருந்து உள்ளே வர வேண்டும். பல நேரம் நீங்கள் செய்யும் முதல் திருத்தமே இதுதான்.

பிறகு எல்லை மதிப்புகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இபிஎஃப்-க்கு முதலாளி கட்டும் பங்கு 13-லிருந்து 12 விழுக்காடாக மாறும் இடம் என்பதால் 5,000.00, 5,000.01 ரிங்கிட் இரண்டும் வேண்டும். 60 வயது நிறையும் மாதம் வேண்டும். வரிக்கு 29 பிப்ரவரி 2024, 1 மார்ச் 2024 இரண்டும் வேண்டும். அது லீப் ஆண்டு என்பதால் 28-ஐ மாத இறுதி என்று எழுதி வைத்தவர்கள் இங்கே பிடிபடுவார்கள்.

இபிஎஃப் அட்டவணையை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். மாதச் சம்பளம் 5,000 ரிங்கிட் வரை 20 ரிங்கிட் படிகளாகவும் அதற்கு மேல் 20,000 ரிங்கிட் வரை 100 ரிங்கிட் படிகளாகவும் சட்ட அட்டவணை அமைந்திருக்கிறது. 3,005 ரிங்கிட் சம்பளத்துக்கு நேராக 11 விழுக்காடு போட்டால் 330.55, அட்டவணை சொல்வது 333. பழைய நிரலில் நீளமான அட்டவணையைப் பார்த்ததும் "இதை ஒரே பெருக்கலாக்கலாமே" என்று கை பரபரக்கும். லைன் குறையும், குறியீட்டெண் ஏறும், எல்லோருடைய சம்பளமும் தவறும். பூட்டி வைத்த டெஸ்ட்தான் அதைத் தடுக்கும்.

டெஸ்ட் எழுதும்போது பழைய நிரலிலேயே பிழை தெரிந்தால் உடனே திருத்த வேண்டாம். பிழையோடு சேர்த்துப் பூட்டுங்கள், குறிப்பு எழுதுங்கள், பிறகு தனிக் கமிட்டில் திருத்துங்கள். அமைப்பு மாற்றமும் நடத்தை மாற்றமும் ஒரே கமிட்டில் கலந்தால், எது எதை உடைத்தது என்று ரிவியூ செய்பவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

மாற்றும் வரிசை

வரி விகிதத்தைத் தீர்மானிக்கும் ஃபங்ஷன் எப்படியிருக்கும் என்று பலருக்குத் தெரியும். தேதி 1 செப்டம்பர் 2018-க்குப் பிறகா, பிறகென்றால் 1 மார்ச் 2024-க்குப் பிறகா, பிறகென்றால் உணவகமா, இல்லையென்றால் தொலைத்தொடர்பா, அதற்குள் பழைய வாடிக்கையாளரா... ஒவ்வொரு அறிவிப்புக்கும் ஓர் அடுக்கு கூடியிருக்கும்.

முதலில் பெயர்களைச் சரிசெய்யுங்கள். இங்குள்ள தரவுத்தளங்களில் ஒரே தொகைக்கு ஓரிடத்தில் ஜும்லா (மலாயில் மொத்தம்), இன்னோரிடத்தில் டோட்டல், மூன்றாவதில் அமௌன்ட் என்று இருப்பது சாதாரணம். ஒன்றைத் தேர்ந்தெடுத்து நிரலுக்குள் அதையே வையுங்கள். தரவுத்தள நெடுவரிசையின் பெயரை எல்லையில் ஒரே இடத்தில் மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்து, விதிவிலக்கான நிலைகளை ஃபங்ஷனின் தொடக்கத்திலேயே கையாண்டு வெளியேறுங்கள். வரிவிலக்கு பெற்ற வாடிக்கையாளரா, உடனே பூஜ்யம், முடிந்தது. இதிலேயே இரண்டு அடுக்கு குறையும்.

மூன்றாவதாக, எண்களையும் தேதிகளையும் ஒரு அட்டவணைக்கு நகர்த்துங்கள்: சேவை வகை, தொடங்கும் நாள், முடியும் நாள், விகிதம். பொதுச் சேவைக்கு 1 செப்டம்பர் 2018 முதல் 29 பிப்ரவரி 2024 வரை 6, அடுத்த நாளிலிருந்து 8. உணவு பானத்துக்கு முடிவு நாள் இல்லாமல் 6. ஃபங்ஷன் இப்போது வகையையும் தேதியையும் கொடுத்து ஒரு வரிசையைத் தேடும், அவ்வளவே. இரண்டு வரிசைகளின் காலம் ஒன்றன்மேல் ஒன்று விழக்கூடாது, நடுவில் இடைவெளியும் இருக்கக்கூடாது. இதைச் சரிபார்க்கும் டெஸ்ட் கட்டாயம்.

எந்தத் தேதி என்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள். இன்றைய தேதியைக் கொடுத்தால், பழைய விலைப்பட்டியலுக்கு இன்று போடும் கிரெடிட் நோட் (தொகையைக் குறைக்கும் சீட்டு) புது விகிதத்தில் வந்துவிடும். சேவை தந்த நாளா, விலைப்பட்டியல் நாளா, பணம் பெற்ற நாளா என்பதைக் கணக்காளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஃபங்ஷனுக்குக் கொடுக்கும் அளபுருவின் (parameter) பெயரிலேயே அது தெரியட்டும். வெறும் 'தேதி' என்று வைக்காதீர்கள்.

கடைசியாக, கணக்கிடும் பகுதியைத் தரவுத்தளத்திலிருந்தும் அச்சிடுவதிலிருந்தும் பிரித்துவிடுங்கள். எண்ணை வாங்கி எண்ணைத் தரும் ஃபங்ஷனுக்கு டெஸ்ட் எழுத ஐந்து நிமிடம் போதும். பிரிண்டரைத் தொடும் ஃபங்ஷனுக்கு யாரும் டெஸ்ட் எழுதுவதில்லை. பிரிக்கும்போது அளபுருக்கள் நான்கைத் தாண்டினால், சேர்ந்தே பயணிக்கும் சிலவற்றை ஒரு பொருளாகக் கட்டுங்கள்.

சரியாக வந்ததா என்று பார்க்க ஒத்திகை ஒன்று போதும். கிட்டில் தனி பிராஞ்ச் (நிரலின் தனிக் கிளை) எடுத்து, எதிர்காலத் தேதி ஒன்றிலிருந்து விகிதம் 9 என்று ஒரு வரிசை சேர்த்துப் பாருங்கள். அட்டவணையும் டெஸ்ட்டும் தவிர வேறு கோப்பைத் தொட வேண்டி வந்தால், அந்தக் கோப்புதான் அடுத்த வேலை.

எல்லைகளைக் காவல் வைப்பது

ஒவ்வொரு மாற்றத்தையும் தானாகச் சோதிக்கும் சிஐ-யில் முழு நிரலுக்கும் ஒரே நாளில் எல்லை போட்டால் ஆயிரம் எச்சரிக்கை வரும், இரண்டாம் வாரம் யாரும் பார்க்க மாட்டார்கள். புதிய, மாறிய பகுதிக்கு மட்டும் எல்லை வையுங்கள். காக்னிடிவ் 15, சைக்ளோமேட்டிக் 10-ல் எச்சரிக்கை 15-ல் தடை என்பது நடைமுறைக்கு ஒத்துவரும். சோனார்கியூபின் இயல்பான வாயில் புதிய நிரலில் 80 விழுக்காடு டெஸ்ட் பரப்பையும் 3 விழுக்காட்டுக்கு மேல் போகாத இரட்டிப்பையும் கேட்கிறது. தொடக்கத்துக்கு அதுவே போதும்.

அதே கருவி காட்டும் தொழில்நுட்பக் கடன் விகிதத்தைக் கவனமாகப் படியுங்கள். ஒரு லைன் எழுத 30 நிமிடம் என்று அது எடுத்துக்கொள்கிறது. 10,000 லைன் என்றால் 5,000 மணி நேரம். கடன் 5 விழுக்காட்டுக்குள், அதாவது 250 மணி நேரத்துக்குள் இருந்தால் ஏ தரம். முதலாளியிடம் நேரம் கேட்கப் போகும்போது இந்த எண்ணைவிட, 2024 மார்ச் மாற்றத்துக்கு எத்தனை நாள் போனது என்ற உங்கள் சொந்த எண் அதிகம் எடுபடும்.

எந்த அளவையும் ஆட்களை மதிப்பிடப் பயன்படுத்தாதீர்கள். பயன்படுத்திய மறுமாதமே நீண்ட ஃபங்ஷன்கள் 'பகுதி 1', 'பகுதி 2' என்று உடையும். மதிப்பு குறையும், படிப்பவர் இரண்டு கோப்புக்கு நடுவே ஓட வேண்டியிருக்கும். ரிவியூவில் கேட்க வேண்டியது: பிரித்த துண்டுக்கு அது செய்யும் வேலையைச் சொல்லும் பெயர் இருக்கிறதா? பெயர் வைக்க முடியவில்லை என்றால் வெட்டிய இடம் தவறு.

செத்த நிரல்

ஜிஎஸ்டி கால நிரல் இன்னும் பல மென்பொருள்களில் அப்படியே கிடக்கிறது. பதிவேடுகளை ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதால் முன்பு தொடப் பயந்தார்கள். பழைய விலைப்பட்டியலைத் திறந்து காட்டும் பகுதியும் புதிதாக ஜிஎஸ்டி கணக்கிடும் பகுதியும் வேறு வேறு. முன்னதை வைத்துக்கொண்டு பின்னதை எடுக்கலாம், ஆனால் நேராக அழிக்க வேண்டாம். அந்த ஃபங்ஷனின் முதல் லைனில் ஒரு லாக் பதிவு போட்டு, மாத இறுதி, காலாண்டு இறுதி, ஆண்டு இறுதி ஓட்டங்கள் மூன்றும் கடக்கும்வரை விடுங்கள். பதிவு எதுவும் விழவில்லை என்றால் அழித்துவிடுங்கள். காமென்ட்டாக மாற்றி வைக்க வேண்டாம். தேவைப்பட்டால் கிட் வரலாற்றில் இருக்கிறது. அழிக்கும் கமிட்டின் செய்தியில் எந்தச் சட்ட மாற்றத்தால், எந்தத் தேதியிலிருந்து இது தேவையில்லை என்று ஒரு லைன் எழுதுங்கள்.